ஆட்டுக்கு ஒரு முறை, ஆளுக்கு ஒரு முறை

மாலை நாலு மணிக்கு மேல், முதுகில் மூட்டையுடன் இரண்டு பேர் மலைப்பாதையில் இறங்கி வருவது தெரிந்தால், லடாக்கின் ஹோம்ஸ்டே கிராமங்களில் எழும் முதல் கேள்வி வருவது யார் என்பதல்ல. "இன்று யார் முறை?" என்பதுதான்.

பதில் சில ஊர்களில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். சின்ன ஊர்களில் நோட்டுக்கும் வேலையில்லை. மொத்தமே பத்துப் பன்னிரண்டு வீடுகள். நேற்று யார் வீட்டு அடுப்பில் கூடுதலாக நாலு ரொட்டி வெந்தது என்பது மேல்வீட்டுப் பாட்டி முதல் கீழ்வீட்டுக் குழந்தை வரை எல்லோருக்கும் தெரியும். வந்தவர்கள் ஊர் முகப்பில், புதிதாக வெள்ளையடித்த பெரிய வீட்டைக் கைகாட்டுவார்கள். சிரித்த முகத்தோடு அவர்களை அங்கிருந்து நகர்த்தி, ஓடையைத் தாண்டி, கடைசியில் இருக்கும் சின்ன வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள். முறை அந்த வீட்டுக்கு. பெரிய வீட்டின் எஜமானி வாசலில் நின்று 'ஜூலே' என்று வணக்கம் சொல்வதோடு சரி.

கேட்பதற்கு எளிய ஏற்பாடுதான். ஆனால் சுற்றுலாவினால் கிராமம் பிழைக்குமா என்ற பழைய வழக்கில், மந்திரிகளின் உரைகளும் வழவழப்பான பிரசுரங்களும் சொல்லாத ஒன்றை இது சொல்லிவிடுகிறது. ஓர் ஊருக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பது பாதிக் கணக்கு. வந்தவர் எந்த வீட்டில் சாப்பிடுவது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது மீதிக் கணக்கு.

லடாக் வெளியாருக்குத் திறந்துவிடப்பட்டது 1974ல். அந்த ஆண்டு வந்தவர்கள் சில நூறு பேர். 2018ல் வந்தவர்கள் 3 லட்சத்துக்கு மேல். 2022ல் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்பவர்களே 2.74 லட்சம் பேர்தான். 2009ல் வெளியான 'த்ரீ இடியட்ஸ்' படத்தின் கடைசிக் காட்சி பாங்காங் ஏரிக்கரைக்குச் செய்த விளம்பரத்தை எந்த அரசுத் துறையும் செய்திருக்க முடியாது. இன்றும் அங்கே மஞ்சள் ஸ்கூட்டர் மீது உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள வரிசை நிற்கிறது.

இந்தக் கூட்டம் கொண்டுவரும் பணத்தில் பெரும்பகுதி லே நகரத்திலேயே இறங்கிவிடுகிறது. ஓட்டல், டாக்சி, டிராவல் ஏஜென்சி, கம்பளக் கடை. கிராமத்துக்குப் போய்ச் சேர்வது ஒழுகியது போக மிச்சம். மலையேறும் கூட்டம் கிராமங்களின் வழியாகத்தானே நடந்து போயிற்று என்று கேட்கலாம். போயிற்று, எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு போயிற்று. கூடாரம், சமையல்காரர், அரிசி, முட்டை, மண்ணெண்ணெய் எல்லாம் லேயிலிருந்து குதிரை முதுகில் வரும். ஊர் எல்லையில் கூடாரம் அடிப்பார்கள். குதிரைகள் ஊர்ப் புல்லை மேயும். காலையில் கிளம்பிப் போனபின் எஞ்சுவது காலி டப்பாக்களும் குதிரைச் சாணமும். மிஞ்சிப் போனால் கூடாரம் அடித்த இடத்துக்கு ஒரு சிறு தொகை. தன் வயலுக்கு நேர் எதிரே ஆயிரக்கணக்கில் செலவழித்து நடந்து போகிறவர்களை ஒரு குடும்பம் வருஷக்கணக்கில் வேடிக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

இதை மாற்றியதில் ஒரு விலங்குக்கும் பங்கு உண்டு. பனிச்சிறுத்தை; லடாக்கியில் ஷான். வெளியூர்க்காரர்களுக்கு அது மலைகளின் ஆவி, மர்மம், இன்னபிற. ஆடு வளர்க்கும் குடும்பத்துக்கு அது வேறு மாதிரி. ராத்திரியில் பட்டியின் கூரைத் திறப்பு வழியாக உள்ளே குதித்துவிட்டால், அடைபட்ட ஆடுகள் மிரண்டு அங்குமிங்கும் ஓட ஓட, சிறுத்தை ஒன்றோடு நிறுத்துவதில்லை. விடிந்து பார்த்தால் ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் தரையில் கிடக்கும். பட்டிக்குள் சிக்கிய சிறுத்தையை ஊர் சேர்ந்து கல்லால் அடித்துக் கொன்ற காலம் ரொம்பப் பழசல்ல. லே நகருக்கு அருகில் 1981ல் ஹெமிஸ் தேசியப் பூங்கா அமைந்தபின் விலங்குக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. பூங்காவுக்குள்ளேயே இருந்த கிராமங்களின் ஆடுகளுக்கு வரவில்லை.

ரின்சன் வாங்சுக் என்ற லடாக்கியர் தலைமையேற்று நடத்திய பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பு 2000க்குப் பிறகு இந்தக் கிராமங்களுக்குப் போனது. (அவர் 2011ல் காலமானார்.) முதல் வேலை, பட்டிகளின் கூரைக்குக் கம்பிவலையும் வாசலுக்கு இறுகச் சாத்தும் கதவும் போடுவது. வலையும் மரமும் அமைப்பு தரும்; கல்லும் உழைப்பும் ஊர் தரும். பிறகு, சிறுத்தையால் உங்களுக்கு நஷ்டம்தான் என்றால் அதனாலேயே லாபம் வர என்ன வழி என்று ஊர்க்காரர்களிடமே கேட்டார்கள். எங்கள் வீட்டில் தங்கட்டும் என்றார்கள். 2002ல் ஹெமிஸ் பூங்காவுக்குள் இருக்கும் ரும்பாக் கிராமத்தில், யுனெஸ்கோ உதவியுடன் ஹோம்ஸ்டே தொடங்கியது. கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயரத்தில் சுமார் பத்து வீடுகள் கொண்ட ஊர். அன்று மோட்டார் வண்டியை ஜிங்ச்சனில் விட்டுவிட்டு ஓடையோரமாக மேலே நடந்துதான் போக வேண்டும்.

விதிகள் கொஞ்சம்தான். தனியாக ஓர் அறை, சுத்தமான படுக்கை, ஊர்ச் சாப்பாடு, காய்ச்சிய குடிதண்ணீர். வருமானத்தில் சுமார் 10 சதவீதம் ஊர்ப் பொதுநிதிக்கு. அதிலிருந்து குப்பை அள்ளுவது, மரம் நடுவது போன்ற வேலைகள். கழிப்பறை பழைய லடாக்கி முறையிலேயே இருக்கலாம், இருக்க வேண்டும். அதாவது மாடியில் ஒரு சின்ன அறை, தரையில் ஓர் ஓட்டை, பக்கத்தில் மண் குவியலும் மண்வாரியும். போனபின் இரண்டு வாரி மண்ணைத் தள்ளிவிட வேண்டும். கீழறையில் மக்கிச் சேர்வது வசந்த காலத்தில் பார்லி வயலுக்கு உரம். மழையே அபூர்வமான பாலைநிலத்தில் மனிதர்கள் யோசித்துக் கட்டிய அமைப்பு இது. லேயில் ஓட்டலுக்கு ஓட்டல் ஆழ்துளைக் கிணறு இறக்கி, பனியுருகித் தேங்கிய நிலத்தடி நீரைச் சாக்கடைக்குள் தள்ளிக்கொண்டிருக்கும்போது, கிராமத்து ஓட்டைதான் நவீனமாகத் தெரிகிறது.

இவ்வளவையும் அமைப்புகள் சொல்லித் தரலாம். முறையை யாரும் சொல்லித் தரவில்லை. அது ஏற்கனவே ஊரில் இருந்தது.

லடாக் கிராமத்தில் பாதி வாழ்க்கை முறை வைத்துத்தான் ஓடுகிறது. பனியாற்றிலிருந்து வரும் ஒற்றைக் கால்வாயில் யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதைப் பார்த்துக்கொள்ள 'சுர்போன்' என்று ஓர் ஆள் உண்டு. பயிரில் மாடு இறங்காமல் காவல் பார்ப்பவர் 'லோராபா'. இந்தப் பொறுப்பும் ஊருக்குள் மாறி மாறி வரும். ஆடு மேய்ப்பதும் அப்படித்தான். எல்லா வீட்டு ஆடுகளையும் ஒன்றாக்கி, இன்று ஒரு வீட்டார் மலைக்கு ஓட்டிப் போவார்கள், நாளை அடுத்த வீட்டார். இதற்குப் பெயர் 'ரா-ரெஸ்'. ரா என்றால் ஆடு; ரெஸ் என்றால் முறை. பாரிஸிலிருந்தும் புனேயிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கியபோது ஊர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆட்டுக்கு இருந்த முறையை ஆளுக்கும் வைத்துக்கொண்டது.

தமிழில் இந்த 'முறை' என்ற சொல் கொஞ்சம் நின்று பார்க்கத் தக்கது. யாருடைய தடவை என்பதும் முறை. இன்னாருக்கு இன்னார் என்ன உறவு என்பதும் முறை. அரசன் வழங்கும் நீதிக்கும் பழந்தமிழில் முறை என்றே பெயர். அணைத் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் நீர்வளத் துறை இன்றும் முறைப்பாசனம் என்றுதான் அறிவிக்கிறது. பகிர்வும் உறவும் நியாயமும் ஒரே சொல்லுக்குள் இருப்பது தற்செயலாக இருக்காது. யார் யாருக்கு என்ன உறவு என்று தெரிந்த இடத்தில்தான் 'உன் தடவை முடிந்தது, தள்ளு' என்று சண்டையில்லாமல் சொல்ல முடியும். பெருநகரத்து விமான நிலையத்தில் டாக்சி வரிசைக்குப் போலீஸ் தேவைப்படுகிறது. ரும்பாக்கில் தேவைப்படவில்லை.

முறையினால் கிடைத்தது பணம் மட்டுமல்ல. பணம் யார் கையில் விழுந்தது என்பது முக்கியம். ஆண்கள் பலர் ராணுவத்திலோ அரசு வேலையிலோ லேயில் டாக்சியிலோ இருக்க, வீட்டில் விருந்தாளியை ஏற்பது அம்மாக்கள்தான். (லடாக்கியில் அம்மாவுக்கு 'அமா'. மரியாதைக்கு ஒரு 'லே' சேர்த்து 'அமா-லே'. நம் 'ங்க' மாதிரி.) வீட்டின் மிகப் பெரிய, மிக அழகான அறையே அங்கே சமையலறைதான். அலங்கார வேலைப்பாடு செய்த அடுப்பு, சுவரெல்லாம் அலமாரி, அதில் துலக்கி அடுக்கிய செம்பும் பித்தளையும். விருந்தாளி உட்காருவது அங்கே. கோதுமை மாவைக் கட்டைவிரலால் அழுத்தி முருங்கைக்கு அப்பாற்பட்ட எல்லாக் காய்களோடும் கொதிக்கவிடும் 'ஸ்க்யூ', உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைந்த டீ, காலையில் தடித்த 'கம்பீர்' ரொட்டி. மர்க்கா பள்ளத்தாக்கில் ராணுவம் கழித்துக் கட்டிய பாராசூட் துணியைக் கூடாரமாக்கி, பாதையோரம் டீக்கடை போட்டவர்களும் பெண்களே. ஹோம்ஸ்டே வருமானம் எங்கே போகிறது என்று பார்த்தால், முதல் செலவு லேயில் படிக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணம். கையில் காசு வந்த வீட்டில் மறுபடி ஆடு செத்தால், கோபம் வரும்; சிறுத்தையைத் தேடிக்கொண்டு கல்லோடு போகும் அளவுக்கு வராது.

இதை விருந்தோம்பல் என்று பிரசுரங்கள் எழுதும்போதுதான் சற்று உறுத்துகிறது. 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. முன்பின் தெரியாத புதியவரே விருந்து, உறவினர் அல்ல. அந்த அளவில் ஸ்பெயின்காரர் அசல் விருந்துதான். ஆனால் புதியவருக்குச் சோறு போட்டுவிட்டு மறுநாள் காலை கணக்குச் சொல்வது எந்தக் கிராமத்துக்கும் எளிதல்ல. கட்டணத்தை ஊருக்கெல்லாம் ஒன்றாக வைத்ததில் இந்தச் சங்கடத்துக்கும் ஒரு வழி கிடைத்தது. விலையைச் சொல்வது அமா அல்ல, ஊர். அவர் டீ ஊற்றிக்கொண்டே இருக்கலாம்.

அதே சமயம் உழைப்பின் கணக்கை யாரும் சரியாகப் போடுவதில்லை. நடைப்பயணிகள் வருவது ஜூன் முதல் செப்டம்பர் வரை. பார்லி அறுவடை ஆகஸ்ட், செப்டம்பரில். ஆறு மாதக் குளிருக்கு வேண்டிய தீவனமும் விறகும் சாணமும் சேர்க்க வேண்டியதும் அதே மாதங்களில். பகலெல்லாம் வயலில் குனிந்து நின்றவர், மாலையில் வந்து நாலு பேருக்குச் சமைத்து, அவர்கள் தூங்கியபின் பாத்திரம் தேய்த்து, விடிகாலையில் எழுந்து வழிக்குக் கட்டுச்சோறு தருகிறார். வந்தவர் எடுத்த படத்தில் அவர் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்.

கேரளத்தில் குமரகம் வேறு வழியில் போயிற்று. அங்கே 2008 முதல், காயலோரச் சொகுசு விடுதிகள் தங்கள் காய்கறியையும் முட்டையையும் உள்ளூர் குடும்பஸ்ரீ பெண்களிடம் வாங்குவது என்று ஏற்பாடு செய்யப்பட்டது. நல்ல ஏற்பாடு, பாராட்டும் பெற்றது. ஆனால் விருந்தாளி விடுதியின் விருந்தாளிதான். கிராமம் பின்வாசல் வழியாகக் கூடை கொண்டுபோகிறது. ரும்பாக்கில் முன்வாசலே கிராமத்துடையது. அதனாலேயே அதைக் காப்பதும் கஷ்டம்.

முறைக்கு முதல் எதிரி பேராசை அல்ல, பாராட்டு. 2002ல் விருந்தாளிக்குக் கிராமத்தில் எந்த வீட்டையும் தெரியாது. காட்டிய வீட்டுக்குப் போனார். செல்போனும் இன்டர்நெட்டும் வந்தபின், தங்கிவிட்டுப் போனவர் ஒரு வீட்டுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, அந்த அமாவின் ஆப்ரிகாட் ஜாமைப் பற்றி நாலு வரி எழுதுகிறார். மனதார எழுதுகிறார். அடுத்து வருபவர் அந்த வீட்டைப் பெயர் சொல்லிக் கேட்கிறார். முன்கூட்டியே பணமும் கட்டிவிடுகிறார். அன்று முறை வேறு வீட்டுக்கு. அங்கே பாலைக் காய்ச்சி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். ஊர் என்ன செய்யும்? விருந்தாளியை மல்லுக்கட்டி இழுத்துப் போக முடியாது. அவர் விரும்பிய வீட்டுக்குப் போக விட்டால், நாளைக்கு எல்லா வீடும் இன்டர்நெட்டில் கடை விரிக்கும். ஆங்கிலம் படித்த மகளோ மருமகனோ உள்ள வீடு ஜெயிக்கும்.

கைடுகளின் கதையும் உண்டு. பத்துப் பேரைக் கூட்டி வருபவருக்கு ஒரே கூரையின் கீழ் ஐந்து அறை வேண்டும். ஐந்து வீடுகளில் இரண்டிரண்டு பேராகப் பிரிப்பது அவருக்குத் தொந்தரவு. ஆகவே ஐந்து அறை கட்டியவருக்கு வியாபாரம். கட்ட முடிந்தவர் யார்? ராணுவப் பென்ஷனோ அரசுச் சம்பளமோ வரும் வீட்டுக்காரர். இரண்டு கிழவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் யார் மாடிப்படி ஏறி இறங்குவது? அந்த வீட்டின் முறையை ஊர் தாண்டிப் போய்விடலாமா, அல்லது வேறொருவர் சமைத்துப் பங்கு கொடுக்கலாமா? இப்படிப்பட்ட கேள்விகளுக்கெல்லாம் சுற்றுலாத் துறையின் ஹோம்ஸ்டே பதிவுப் படிவத்தில் கட்டம் இல்லை. அந்தப் படிவம் வீட்டைப் பதிவு செய்கிறது; ஊரைப் பதிவு செய்வதில்லை. ஒவ்வொரு வீட்டையும் தனித்தனித் தொழில்முனைவோராக்கிக் கடன் தருவதே வளர்ச்சி என்று நினைப்பவர்கள், கூட்டாக நடப்பதைத் தெரியாமலே பிய்த்துவிடுகிறார்கள்.

வருமானம் நிலையானதும் அல்ல. 2010 ஆகஸ்டில் மேகவெடிப்பில் 200க்கு மேற்பட்டோர் இறந்தபோது அந்தப் பருவமே போயிற்று. 2020ல் கொரோனாவும் கல்வானும் சேர்ந்து வந்தன. 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அங்கிருந்து வெகு தொலைவில் இருக்கும் லடாக்கிலும் முன்பதிவுகள் ரத்தாயின. ஒவ்வொரு தடவையும் தப்பிப் பிழைத்தது வயலை விடாமல் வைத்திருந்த வீடு. கடன் வாங்கி அறை கட்டியவருக்குத் தவணை மட்டும் தவறாமல் வந்தது.

குளிர்காலத்தில் இப்போது ஒரு புதுக் கூட்டம் வருகிறது. பிப்ரவரி, மார்ச்சில், உறையும் குளிரில், முழ நீளக் கேமராக்களோடு பனிச்சிறுத்தையைத் தேடி வருபவர்கள். 2024 ஜனவரியில் வெளியான நாட்டின் முதல் முழுக் கணக்கெடுப்பில் இந்தியாவின் 718 பனிச்சிறுத்தைகளில் 477 லடாக்கில் இருப்பதாகத் தெரிந்தது. முன்பு ஆட்டைத் தின்றதற்காகக் கல்லடி பட்ட பிராணி, இன்று யாரும் வராத மாதங்களில் வாடிக்கையாளரைக் கொண்டுவருகிறது. தொலைநோக்கியில் பார்த்து எதிர் மலையில் ஒரு சாம்பல் புள்ளியை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் ஊர் இளைஞர்தான். ஆடு மேய்த்துப் பழகிய கண்.

சாலை வேறு விதமாக வேலை செய்கிறது. லிகிரிலிருந்து யாங்தாங், ஹெமிஸ் சுக்பாசன் வழியாக தெமிஸ்காம் வரை போகும் ஷாம் நடைபாதை ஒரு காலத்தில் புதிதாக மலையேறுபவர்களுக்குப் பிரியமானது. ஊருக்கு ஊர் சாலை வந்தபின் நடப்பவர் குறைந்தனர். காரில் வருபவர் டீ குடித்துவிட்டு ராத்திரிக்கு லே திரும்பிவிடுகிறார். மர்க்கா பள்ளத்தாக்குக்குள்ளும் ஜீப் பாதை நுழைந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் சிலர் இதைக் கேட்டு ஐயோ என்கிறார்கள். பிரசவ வலியில் குதிரை மீது போயிருக்க வேண்டியதில்லாதவர்கள் அவர்கள். ஊருக்குச் சாலை வேண்டும்தான். அதோடு போகும் ஹோம்ஸ்டே வருமானத்துக்குப் பதில் என்ன என்பதை மட்டும் சாலை போடுபவர்கள் கேட்டுக்கொள்வதில்லை.

இதற்கிடையில் ரா-ரெஸ்ஸே மெலிந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் லேயிலும் ஜம்முவிலும் சண்டிகரிலும் படிக்க, மலைக்கு ஆடு ஓட்ட ஆளில்லை. பல வீடுகள் ஆடுகளை விற்றுவிட்டன. இருபது வீட்டுக்கு வந்த முறை எட்டு வீட்டுக்குள் சுற்றும்போது, இருபது நாளுக்கு ஒரு நாள் என்பது எட்டு நாளுக்கு ஒரு நாளாகிவிடுகிறது. அது தாளாமல் இன்னொரு வீடும் விற்கிறது. சில இடங்களில் எல்லோருமாகச் சேர்ந்து நேபாளத்து ஆள் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள். அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதி, விருந்தாளி முறையில் வந்த பணம்.